பெற்றுக்கொண்டே முடங்கும் கணினி: மொகல்–ராமகிருஷ்ணன் ஆய்வுரை, ஒரு மதிப்பீடு

கணினியின் பிணைய அட்டை நொடிக்கு எத்தனை முறை செயலியைக் குறுக்கிடலாம் என்ற எண்ணை மாற்றினால் பொதிப் போக்குவரத்து வேகம் பெறும் என்பது கணினிப் பராமரிப்பாளர்களிடையே பரவலாக உள்ள கருத்து. இன்டெல் முதலிய நிறுவனங்களின் அட்டைகளுக்கான இயக்கிகளில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. இக்கருத்துக்கு அடிப்படையான ஆய்வுரைகளில் முக்கியமானது, குறுக்கீட்டால் இயங்கும் கெர்னலில் ‘பெறுகை லைவ்லாக்’ என்னும் நிலையை ஒழிப்பது பற்றி ஜெஃப்ரி மொகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் எழுதியது. 1996 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த யூசெனிக்ஸ் ஆண்டு மாநாட்டில் அது வெளியாயிற்று. விரிவாக்கிய வடிவம் 1997 ஆகஸ்டில் ஏசிஎம் அமைப்பின் கணினி அமைப்புகளுக்கான ஆய்விதழில் வந்தது.

அந்த ஆய்வுரையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அதன் வழிவந்த இயக்கி அமைப்புகளில் இன்று பலர் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டனர் என்பது என் கருத்து. அந்த நிலைக்கு ஆய்வுரையின் ஆசிரியர்களும் ஓரளவு இடம் கொடுத்தார்கள்.

ஆசிரியர்களும் காலமும்

மொகல் அப்போது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் மேற்கு ஆய்வகத்தில் இருந்தார். ராமகிருஷ்ணன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.டெக். முடித்து, 1983இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றியபின் ஏ.டி. அண்ட் டி. பெல் ஆய்வகத்துக்குச் சென்றவர். நெரிசலைப் பொதியிலேயே குறித்து அனுப்பும் முறையை வரையறுத்த 2001ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3168 ஆவணத்தின் ஆசிரியர் மூவரில் அவரே முதலாமவர். பிணையத்தில் நெரிசல் வந்தால் அனுப்புபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பணி முழுவதிலும் ஓடுகிறது. இந்த ஆய்வுரையிலும் அதன் சாயலைக் காணலாம்.

காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1995 ஆகஸ்டில்தான் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அன்றைய மதராஸ் உட்பட நான்கு பெருநகரங்களில் தொலைபேசிவழி இணைப்பு கிடைத்தது. ஐந்து மாதம் கழித்து வந்த இந்த ஆய்வுரை, நொடிக்கு 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒரு கணினி மூச்சுத் திணறுவதைப் பேசியது. நம் ஊரில் அன்று யாருக்கும் இது தன் பிரச்சினையாகத் தோன்றியிருக்காது.

சிக்கல் என்ன?

பொதி ஒன்று வந்து சேர்ந்ததும் பிணைய அட்டை செயலிக்குக் குறுக்கீட்டுக் குறிகை அனுப்புகிறது. செயலி கையிலிருக்கும் வேலையை நிறுத்துகிறது, விட்ட இடத்தைக் குறித்துவைக்கிறது, குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவுகிறது, அதை முடித்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. பொதி எப்போதாவது வரும்வரை இது சிறந்த ஏற்பாடு. வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பதைவிட அழைப்புமணி வைத்துக்கொள்வது மேல். மணி ஓயாமல் அடிக்கத் தொடங்கினால்தான் தொல்லை.

4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் தொடங்கிப் பல இயங்குதளங்கள் பின்பற்றிய அமைப்பில் பொதி மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். அட்டையிலிருந்து எடுத்து ஒரு வரிசையில் வைப்பது முதல் கட்டம்; இது மிக உயர்ந்த முன்னுரிமையில் நடக்கும். வரிசையிலிருந்து எடுத்து ஐ.பி. நெறிமுறைப்படி எங்கே போக வேண்டும் என்று பார்ப்பது இரண்டாவது. அதன் முன்னுரிமை குறைவு. பயனர் நிரல் ஒன்று அதைப் படிக்க வேண்டியிருந்தால் அது மூன்றாவது, எல்லாவற்றுக்கும் கடைசி.

இதை நம் அலுவலக வழக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்ற ஒரு மேசை, படித்து உத்தரவு எழுத இன்னொரு மேசை. இரண்டுக்கும் ஒரே எழுத்தர். யாராவது மனுவோடு வந்து நின்றால் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதலில் அதை வாங்க வேண்டும் என்பது விதி. கூட்டம் குறைவான நாளில் எல்லா மனுவுக்கும் மாலைக்குள் உத்தரவு கிடைத்துவிடும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டினால் எழுத்தர் வாங்கிக்கொண்டே இருப்பார். உத்தரவு எழுதும் மேசைக்கு அவர் போகவே முடியாது. தட்டு நிரம்பியதும், பதிவேட்டில் ஏற்றிய மனுவையே குப்பைக்கூடையில் போடுவார். காலைமுதல் மாலைவரை ஒரு நொடி ஓயாமல் உழைத்திருப்பார். ஒரு மனுகூட முடிந்திருக்காது.

இதைத்தான் ஆய்வுரை லைவ்லாக் என்கிறது. டெட்லாக் என்னும் முட்டுக்கட்டை நிலையில் எழுத்தர் சாவிக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார், பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கோ செயலி நூறு விழுக்காடு வேலை செய்துகொண்டிருக்கும். தமிழில் இதை ‘ஓயாமுடக்கம்’ எனலாம். இக்கட்டுரையில் இனி அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

அளந்து காட்டிய விதம்

ஆய்வுரையின் பெரும்பலம் அதன் வரைபடங்கள். கிடைக்கோட்டில் நொடிக்கு எத்தனை பொதிகள் உள்ளே வந்தன என்பது. நெடுக்கோட்டில் எத்தனை வெளியே போயின என்பது. நல்ல அமைப்பு என்றால் கோடு ஏறி, தாங்கும் எல்லையை அடைந்ததும் சமமாக ஓட வேண்டும். பழைய கெர்னலில் அது ஏறி, உச்சியைத் தொட்டு, பிறகு சரிந்தது.

சோதனைக்கு எடுத்தது ஆல்ஃபா செயலி கொண்ட டெக்ஸ்டேஷன் 3000/300. அதில் டிஜிட்டல் யூனிக்ஸ் 3.2. இரண்டு ஈதர்நெட் பிணையங்களுக்கு நடுவே அது வழிச்செலுத்தியாக வைக்கப்பட்டது. 4 பைட் தரவு மட்டும் கொண்ட மிகச் சிறிய யு.டி.பி. பொதிகள் அதன்மேல் பொழியப்பட்டன. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு அதிகபட்சம் 14,880 வரை வரலாம். பழைய கெர்னல் 4,700 வரை தாங்கியது; அதன்பின் இறங்குமுகம். பொதிகளைச் சலித்து அனுப்பும் ஸ்கிரீன்ட் என்ற பயனர் நிரலை நடுவில் வைத்தபோது 2,000ஐத் தாண்டியதுமே சரிவு தொடங்கியது. 6,000 ஆனபோது வெளியே போனது பூஜ்யம்.

பிணையத்தின் முழுக் கொள்ளளவில் பாதியைக்கூட எட்டாத வரவில் ஒரு கணினி முழுவதும் செயலிழந்தது. அதுவும் எங்கே? காவலுக்கு வைத்த நிரல்தான் முதலில் பட்டினி கிடந்தது. ஸ்கிரீன்ட் என்பது இன்றைய தீச்சுவருக்கு முன்னோடி. வெளியிலிருந்து யாராவது வேண்டுமென்றே பொதிகளைக் கொட்டினால் காவல் நிரல் ஓடவே ஓடாது என்பது இதன் உட்பொருள்.

தீர்வும் அதில் நேர்ந்த இரண்டு சறுக்கல்களும்

அவர்கள் சொன்ன அடிப்படை எளியது. முதல் குறுக்கீடு வந்ததும் மேற்கொண்டு குறுக்கீடு வராதபடி மணியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கெர்னலே சுற்றிவந்து ஒவ்வோர் அட்டையாக ‘ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டு எடுக்க வேண்டும். எடுத்த பொதியை நடு வரிசையில் போட்டுவைக்காமல் கடைசிவரை கொண்டுபோய் முடிக்க வேண்டும். வேலை தீர்ந்தபின் மணியைத் திரும்ப மாட்ட வேண்டும். இடையில் வந்து குவியும் பொதிகள் அட்டையின் நினைவகத்திலேயே நிரம்பி வழிந்து உதிர்ந்துபோகட்டும். அப்படி உதிர்வதற்குச் செயலியின் உழைப்பு எதுவும் செலவாகாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் ஆய்வுரையின் உயிர். பொதி இழப்பைத் தவிர்ப்பது அதன் நோக்கமன்று. தாங்க முடியாத வரவு வந்தால் எப்படியும் சில போகத்தான் போகின்றன. உழைப்பைக் கொட்டியபின் எறிவதைவிட, கை வைக்குமுன்னே விட்டுவிடுவது மேல். பதிவேட்டில் ஏற்றிவிட்டு மனுவைக் குப்பையில் போடுவதைவிட, ‘இன்று இத்தனை பேர்தான்’ என்று வாசலிலேயே சொல்லிவிடுவது போன்றது.

இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரண ஆய்வுரையாகப் போயிருக்கும். தம் தீர்வு எங்கெங்கே தோற்றது என்பதையும் அவர்கள் மறைக்காமல் காட்டினார்கள்.

முதல் தோல்வி: சுற்றிவந்து கேட்கும் முறையை வரம்பில்லாமல் வைத்தபோது கணினி முன்பைப் போலவே முடங்கியது. உள்ளே வருவதை எடுத்துக்கொண்டே இருந்ததால், வெளியே அனுப்பி முடித்த பொதிகளின் இடத்தைக் காலிசெய்ய யாருமில்லை. வெளிவாசல் வரிசை நிரம்பி, கடைசிக் கட்டம்வரை வந்த பொதிகள் அங்கே எறியப்பட்டன. ஆகவே ஒரு சுற்றில் இத்தனைதான் எடுக்கலாம் என்று கோட்டா வைத்தார்கள். கோட்டா சிறிதாக இருந்தபோது கோடு சமமாக ஓடியது. 100ஐ எட்டியபோது சரிவு தலைகாட்டியது.

இரண்டாவது: ஸ்கிரீன்ட் நடுவில் இருந்தபோது சுற்றிவரும் முறை மட்டும் பயன் தரவில்லை. கெர்னல் வேகமாக எடுத்துக் கொடுக்கிறது, ஸ்கிரீன்டுக்கோ ஓட நேரமில்லை. அதன் வரிசை நிரம்பி வழிகிறது. எனவே பின்னூட்டம் சேர்த்தார்கள். 32 பொதிகள் கொள்ளும் அந்த வரிசை 75 விழுக்காடு நிரம்பினால் உள்வரவை நிறுத்து; 25 விழுக்காட்டுக்கு இறங்கினால் திற. கடைசி மேசையின் நிலையைப் பார்த்து முதல் மேசை மனு வாங்குகிறது. நெரிசல் குறியீட்டில் உழைத்த ராமகிருஷ்ணனின் கை இங்கே தெரிகிறது என்பது என் ஊகம்.

வழிச்செலுத்துவது தவிர வேறு நிரல்களும் ஓட வேண்டிய கணினிக்காக, குறிப்பிட்ட கால அளவில் பொதி வேலைக்கு இவ்வளவு விழுக்காடு செயலி நேரம்தான் என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பில்லாதபோது மற்ற நிரல்களுக்குக் கிடைத்த நேரம் ஒன்றுமில்லாமல் போனதையும் அளந்து காட்டினார்கள்.

குறைகள்

சோதனைக்குக் கிடைத்த ஆல்ஃபா கணினிகளில் மிக மெதுவானதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாக ஆசிரியர்களே சொல்கிறார்கள். சிக்கல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது காரணம். கற்பிக்கும் நோக்கில் அது சரி. ஆனால் ஒரே கணினி, ஒரே வகை அட்டை, ஒரே அளவுப் பொதி என்றானதால் எண்களின் பொதுமை குறைகிறது. பொதிகளை அனுப்பிய கணினி சீரான இடைவெளியில் அனுப்பவில்லை. பல நொடிகளின் சராசரியையே கணக்கில் எடுத்தார்கள். பொதிகள் கொத்தாக வரும்போது என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அந்தச் சராசரியில் பதில் இல்லை. தாமதத்தைப் பேசுகிறார்கள், ஆனால் வரைபடங்கள் பெரும்பாலும் வெளியீட்டு வீதத்தைப் பற்றியவை. இணையத்தில் குரல்வழிப் பேச்சு வந்துகொண்டிருந்த காலத்தில் தாமதத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

என் முதன்மையான குறை வேறு. 75, 25 என்ற எல்லைகள் தாமாக வைத்தவை என்று ஒப்புக்கொள்கிறார்கள். கோட்டா 10 முதல் 20 வரை இருந்தால் தாங்கள் சோதித்த கணினிக்கு நன்று, வேறு கணினிக்கு வேறுபடலாம், ஆகவே மாற்றத்தக்கதாக வைக்க வேண்டும் என்கிறார்கள். நேர்மையான கூற்றுதான். ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற முறையைச் சொல்லாமல் திருகியை மட்டும் பராமரிப்பவரின் கையில் கொடுத்துவிட்டார்கள். பின்னர் வந்த எண் பட்டியல்களெல்லாம் அந்தக் கதவு வழியாகவே நுழைந்தன.

லினக்ஸில்

ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் 2001இல் முன்வைத்த நேப்பி என்ற அமைப்பு இந்த ஆய்வுரையின் நேர் வாரிசு. குறுக்கீட்டை நிறுத்து, சுற்றிவந்து எடு, கோட்டா முடிந்தால் விடு, வேலை தீர்ந்தால் குறுக்கீட்டைத் திற: அதே வடிவம். லினக்ஸ் கெர்னலில் ஓர் அட்டைக்கு ஒரு சுற்றில் 64 பொதிகள், எல்லா அட்டைகளுக்கும் சேர்த்து 300 என்பவை இயல்பான அளவுகள். பயனர் நிரலின் வரிசையைப் பார்த்து உள்வரவை நிறுத்தும் பின்னூட்டம் மட்டும் அதே வடிவில் வரவில்லை. ஆய்வுரையின் மிக நுட்பமான பகுதி அதுதான் என்பதால் இது எனக்குச் சற்று வருத்தம் தரும் செய்தி.

எண்ணாகச் சுருங்கிய கதை

இன்டெல்லின் இ1000 இயக்கியில் குறுக்கீட்டு வீத வரம்பு என்ற அமைப்பு உண்டு. 100 முதல் 1,00,000 வரை ஓர் எண்ணைக் கொடுக்கலாம். முன்பு 8,000 என்பது வழக்கமான அளவு. பிற்காலத்தில் வரவின் தன்மையைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் முறை இயல்பாயிற்று. பெரிய பொதிகள் மொத்தமாக வந்தால் 4,000. சிறிய பொதிகள் என்றால் படிப்படியாக 20,000. இன்னொரு முறையில் 70,000 வரை. விண்டோஸ் இயக்கியில் இதே அமைப்பு குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற பெயர்களில் இருக்கும்.

மலைவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு பலாப்பழத்துக்காக ஒரு வண்டி அத்தனை வளைவும் இறங்கினால் எரிபொருளுக்குக் கட்டாது. வண்டி நிறையட்டும் என்று காத்தால் முதலில் ஏறிய அன்னாசி அழுகும். ஆகவே நேரமானால் கிளம்பு, அல்லது நிறைந்தால் கிளம்பு, எது முந்துகிறதோ அது. லினக்ஸின் ஈத்டூல் கருவியில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு: எத்தனை மைக்ரோநொடி, எத்தனை பொதி. குறுக்கீட்டு வீத வரம்பு இதிலிருந்து சற்று மாறுபட்டது. ஒரு வண்டி போய் இவ்வளவு நேரம் ஆகும்வரை அடுத்தது கிளம்பக்கூடாது என்பது அது. 8,000 என்றால் இரண்டு வண்டிகளுக்கு இடையே 125 மைக்ரோநொடி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் மிகப் பெரிய பொதிகள் நொடிக்கு ஏறத்தாழ 81,270 வரலாம். வரம்பு 8,000 எனில் ஒரு குறுக்கீட்டுக்குப் பத்துப் பொதிகள், நல்ல சிக்கனம். மிகச் சிறிய பொதிகள் 14,88,095 வரை வரலாம். அப்போது ஒரு குறுக்கீட்டுக்கு 186. வரம்பை 4,000 ஆக்கினால் 372. அட்டையின் வளையத்தில் இயல்பாக இருக்கும் இடம் 256 பொதிகளுக்கு! இரண்டு குறுக்கீடுகளின் இடைவெளியிலேயே வளையம் நிரம்பி வழிந்துவிடும். ‘குறைத்தால் நல்லது’ என்று படித்தவர் எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால், கொத்தாக வரும் சிறு பொதிகளை இழப்பார். மறுபுறம், ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அடுத்த கேள்வி என்று ஒன்றன்பின் ஒன்றாக உரையாடும் தரவுத்தள நிரலுக்கு 8,000 என்ற வரம்பே உச்சவரம்பாகிவிடும். செயலி சும்மா இருந்தாலும் நொடிக்கு அதற்கு மேல் கேட்க முடியாது. ஒரே எண் இருவருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தானே மாற்றிக்கொள்ளும் முறை வந்ததும் இதனால்தான்.

பட்டியல்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. நேப்பி உள்ள கணினியில் வரவு உச்சத்தில் இருக்கும்போது குறுக்கீடு நிறுத்தப்பட்டே இருக்கிறது. அப்போது குறுக்கீட்டு வீத வரம்புக்குப் பெரிய வேலை இல்லை. மிகக் குறைந்த வரவிலும் அது குறுக்கே வராது. இடைப்பட்ட வரவில்தான் அது உண்மையில் பயன் தருகிறது. ஓயாமுடக்கத்திலிருந்து காப்பது கோட்டாவும் முன்னமே உதிர்க்கும் ஏற்பாடும். வீத வரம்பு அவற்றுக்கு ஒரு துணை மட்டுமே. ஆய்வுரையும் குறுக்கீட்டு வீதத்தைக் கட்டுப்படுத்துவதைப் பல உத்திகளில் ஒன்றாகத்தான் வைத்தது.

மலைமேல் ஒரு கணக்கு

எங்கள் மலையில் ஒரு கணினி அறையில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். இருபது கணினிகளுக்கு ஒரு பழைய லினக்ஸ் கணினி நுழைவாயிலாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி நிரலும் அதில் ஓடியது. பிளஸ் டூ முடித்த மாணவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் பக்கம் எதுவும் திறக்காது. பராமரிக்க வந்த தம்பி ஒரு வழிகாட்டியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு குறுக்கீட்டு மட்டுப்படுத்தலை நிறுத்தினார். மாற்றமில்லை. அடுத்த முறை வந்து வேறு எண் வைத்தார். இப்படியே மூன்று வாரம் போயிற்று. கடைசித் தேதி நெருங்கவே, சில பிள்ளைகள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தகப்பனாரோடு சேந்தமங்கலம் இறங்கி விண்ணப்பித்து வந்தார்கள்.

அந்த அறைக்கு வந்த இணைப்பு நொடிக்கு 4 மெகாபிட். 1,500 பைட் பொதிகளாக வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 330. பொதிக்கு ஒரு குறுக்கீடு என்றே வைத்தாலும் எந்தப் பழைய கணினியும் அதைப் பொருட்படுத்தாது. 1996இன் மெதுவான ஆல்ஃபாவே 4,700ஐத் தாங்கியது. இந்த ஒரு வகுத்தல் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். நினைவகம் போதாமல் வடிகட்டி நிரல் வன்தட்டுக்குப் போய்வந்து கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. நினைவகத்தைக் கூட்டியதும் சரியாயிற்று.

ஸ்கிரீன்டுக்கு நேர்ந்ததும் இங்கே வடிகட்டிக்கு நேர்ந்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றே: முன்வாசல் நன்றாக இருக்கிறது, கடைசி மேசையில் தேக்கம். காரணம்தான் வேறு. ஆய்வுரையைப் படித்தவர் எந்த மேசையில் தேங்குகிறது என்று முதலில் பார்த்திருப்பார். வழிகாட்டியை மட்டும் படித்தவர் கைக்கு எட்டிய திருகியைத் திருகினார். வழிகாட்டிகளின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். எந்த வரவுக்கு, எந்த அட்டைக்கு, எந்த அளவீட்டின்பேரில் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தருகிறார்கள்.

திருகும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் மூன்று இடங்கள் போதும். ப்ராக் கோப்பகத்தில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு நொடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழித்தால், அட்டை நொடிக்கு எத்தனை முறை குறுக்கிடுகிறது என்பது தெரியும்; ஒரே செயலி உள்ளகத்தின் தலையில் எல்லாம் விழுகிறதா என்பதும் தெரியும். பல உள்ளகக் கணினிகள் வந்தபின் எழுந்த இந்தச் சிக்கலை, ஒற்றைச் செயலிக் காலத்து ஆய்வுரையில் எதிர்பார்க்க முடியாது. ஈத்டூல் தரும் புள்ளிவிவரத்தில், இடமில்லாமல் அட்டையிலேயே உதிர்ந்த பொதிகளின் எண்ணிக்கை இருக்கும். அது ஏறினால் வளையத்தைப் பெரிதாக்குவதைப் பற்றியும் குறுக்கீட்டு இடைவெளியைக் குறைப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.

மூன்றாவது, ப்ராக் கோப்பகத்திலேயே உள்ள சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பு. உள்ளகத்துக்கு ஒரு வரியாகப் பதினாறடிமான எண்கள் இருக்கும். முதல் பத்தி எடுத்து முடித்த பொதிகள், இரண்டாவது உதிர்த்தவை, மூன்றாவது, இன்னும் வேலை மீதமிருக்கக் கோட்டாவோ நேரமோ தீர்ந்து எழுந்துபோன தடவைகள். 1996இல் மொகலும் ராமகிருஷ்ணனும் 5, 10, 20, 100 என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அதே கோட்டாவின் கணக்குதான் அந்த மூன்றாம் பத்தியில் ஓடுகிறது.